ஸ்கேன் நார்மல் என்றார்கள்: மூன்று மூளை அதிர்வுகளில் நான் செய்த தவறுகள்

சென்ற மாதம் நடந்த மின்னொளி கபடிப் போட்டியில், என்னிடம் பயிற்சி பெறும் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணுக்கால் பிடிக்குப் பாய்ந்தபோது, ரைடரின் முழங்கால் அவனுடைய நெற்றிப்பொட்டில் இடித்தது. உடனே எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்ட அவன், நேராக எதிரணியின் பாதியில் போய் நின்றான். கூட்டம் சிரித்தது. நான் அவனை வெளியே அழைத்து அமரவைத்தேன். மறுநாள் காலையில் அவனுடைய தந்தை தொலைபேசியில் அழைத்து, "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க சார், சாயங்காலம் செமிஃபைனலுக்குக் கூட்டிட்டு வந்துடவா?" என்று கேட்டார். 12 ஆண்டுகளுக்கு முன் என் அணி மேலாளரிடம் நான் சொன்னதும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான்.

தலையில் அடிபட்டவர் அன்றைய ஆட்டத்தைத் தொடரக் கூடாது என்பதையும், நேரம் செல்லச் செல்ல ஏறும் தலைவலி, மீண்டும் மீண்டும் வரும் வாந்தி, வலிப்பு, கை கால் மரத்துப்போதல், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல், எழுப்பினாலும் தெளியாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் இங்கே விரித்து எழுதப் போவதில்லை. இடது கார்னராக, அதாவது இடக்கோடியில் நின்று பிடிப்பவனாக, ஆடிய காலத்தில் மூன்று முறை மூளை அதிர்வு, அதாவது கன்கஷன், ஏற்பட்டவன் என்ற முறையில், எச்சரிக்கையாக இருப்பவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

மயக்கம் வரவில்லை என்பதால் ஒன்றுமில்லை என நினைப்பது

மூளை அதிர்வு ஏற்படுபவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. என் மூன்றில் ஒன்றில்கூட நான் மயங்கி விழவில்லை.

ஸ்கேன் முடிவை உடற்தகுதிச் சான்றாகக் கொள்வது

இந்த ஒரு தவறைப் பற்றிப் பேசும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

முதல் அடி பயிற்சியின்போது பட்டது. மூன்று நாள் தலைவலியோடு போயிற்று. இரண்டாவது அடி பட்டபோது எனக்கு 24 வயது. மாவட்ட அளவிலான போட்டி ஒன்றில் ரைடரின் முழங்கால் காதுக்கு மேலே இடித்தது. விழுந்து எழுந்த பிறகு, பக்கத்தில் நின்ற கவர் ஆட்டக்காரனிடம் நான்கு முறை ஸ்கோர் கேட்டேனாம். எனக்கு அது நினைவில் இல்லை. மருத்துவமனையில் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "நார்மல்" என்றார்கள். அந்தப் படத்தை உறையோடு மைதானத்துக்கே கொண்டு போய், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் காட்டுவதைப் போல எல்லோருக்கும் காட்டினேன். மாடிப்படி ஏறினால் தலை விண்விண்ணென்று தெறித்ததையும், பேருந்தில் சன்னலோரம் உட்கார முடியாததையும் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் களமிறங்கினேன். இரண்டாம் பாதியில், சங்கிலி போட்டு ஒருவரை மடக்கும்போது, சக ஆட்டக்காரனின் தோள் என் தாடையில் பட்டது. அதை அடி என்றுகூடச் சொல்ல மாட்டேன். சாதாரண நாளில் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன். அந்தத் தட்டலிலிருந்து மீள எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. சுழலும் மின்விசிறியைப் பார்த்தால் குமட்டியது, பேச்சின் நடுவே தெரிந்த சொற்கள் நழுவின, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அம்மாவிடம் கத்தினேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கான தேர்வு மூன்றாம் மாதத்தில் வந்தது. அதில் 400 மீட்டர் ஓடி முடிக்க என்னால் இயலவில்லை.

சிடி ஸ்கேன் எதைத் தேடுகிறது என்று அப்போது யாரிடமாவது கேட்டிருந்தால் போதும். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வீக்கம் ஆகியவற்றை அது காட்டும். மூளை அதிர்வில் சேதப்படுவது பெரும்பாலும் மூளையின் செயல்பாடு. தலை திடீரென்று குலுங்கும்போது நரம்பணுக்களும் அவற்றின் நீண்ட இழைகளும் இழுபட்டு, உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே நுழைகிறது. இந்தச் சமநிலையை மீட்க அணுக்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் குளுக்கோஸைச் செலவழிக்கும் அதே வேளையில், மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைகிறது. இந்த ஆற்றல் பற்றாக்குறை நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். வீட்டுச் சுவரைப் படம் எடுத்தால் விரிசல் இல்லை என்பது தெரியுமே ஒழிய, உள்ளே மின்னழுத்தம் குறைந்து விளக்கு மங்குவது படத்தில் பதியாது. அந்த நேரத்தில் இன்னொரு மோட்டாரையும் ஓடவிடுவதைத்தான் நான் ஒன்பதாம் நாள் செய்தேன்.

மருத்துவர் பொய் சொல்லவில்லை. "ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னதன் பொருள், உடனே அறுவை செய்ய வேண்டிய கசிவு எதுவும் இல்லை என்பதே. "அப்படியானால் கன்கஷன் இருக்கிறதா? மோதல் உள்ள பயிற்சிக்கு நான் எப்போது திரும்பலாம்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்காமல், உறையை வாங்கிக்கொண்டு ஓடிவந்தவன் நான்.

அன்றைக்கே பரிசோதித்து நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் அதையே முடிவாகக் கொள்ள முடியாது. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டு விழுந்த ஸ்டீவ் ஸ்மித், பரிசோதனைகளில் தேறி, திரும்பி வந்து 92 ரன்னில் ஆட்டமிழந்தார். அறிகுறிகள் பின்னர்தான் வெளிப்பட்டன, அதனால் அவர் விலக, மார்னஸ் லபுஷேன் மாற்று வீரராக இறங்கினார். மூளை அதிர்வு ஏற்பட்டவருக்கு மாற்று வீரரை இறக்கும் விதி சர்வதேச அளவில் நடைமுறைக்கு வந்தே அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 2020 டிசம்பரில், நம் நடராஜன் முதன்முதலாக இந்தியாவுக்காக இருபது ஓவர் ஆட்டம் ஆடிய கான்பெரா மைதானத்தில், கடைசி ஓவரில் தலைக்கவசத்தில் பந்து பட்ட ஜடேஜா தொடர்ந்து ஆடி இன்னிங்ஸை முடித்த பிறகே மாற்றப்பட்டார். சாஹல் வந்து மூன்று விக்கெட் எடுத்தது நியாயமா என்று நாம் வாரக்கணக்கில் வாதிட்டோம். ஜடேஜாவின் தலை எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

முதல் அதிர்வு ஆறுமுன் படும் இரண்டாம் அடி, மிக அரிதாக, மூளையைக் கட்டுக்கடங்காமல் வீங்கச் செய்து உயிரையே பறிக்கிறது. பதிவான நிகழ்வுகளில் பெரும்பாலோர் வளரிளம் பருவத்தினர். பதினொன்றாம் வகுப்புப் பையனின் தந்தைக்கு நான் இதை மென்மையாகச் சொல்ல முயலவில்லை.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருப்பது

மூன்றாவது அடிக்குப் பிறகு பயந்துபோய் மறுகோடிக்குச் சென்றேன். சன்னலை அடைத்துவிட்டு ஐந்து வாரங்கள் படுத்துக் கிடந்ததில், தூக்கம் கெட்டது, மனம் சோர்ந்தது, தலைவலி மட்டும் அப்படியே இருந்தது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளை அதிர்வு வல்லுநர்களின் பரிந்துரை இதற்கு நேர் எதிரானது: முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை வீட்டு வேலைகளோடு நின்று, கைபேசியையும் தொலைக்காட்சியையும் குறைத்துக்கொண்டு, அதன்பின் நடைப்பயிற்சி போன்ற இலேசான உடலியக்கத்தைத் தொடங்கலாம். நடக்கும்போது அறிகுறி சற்றுக் கூடலாம். பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிட்டால் முன்பிருந்ததைவிட இரண்டு புள்ளிக்கு மேல் ஏறாமலும், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியும் விட்டால் அதில் தவறில்லை. ஆறாவது வாரத்தில் ஏரிக்கரையில் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கியதிலிருந்துதான் எனக்கு முன்னேற்றம் தெரிந்தது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு களமிறங்குவது

வேண்டாம்.

ஆறு படிகளை ஆறு நாட்களாகக் கணக்கிடுவது

களத்துக்குத் திரும்புவதற்கான ஆறு படிகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், இன்று திங்கள் என்றால் சனிக்கிழமை ஆடிவிடலாம் என்று விரல்விட்டு எண்ணுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் குறைந்தது 24 மணி நேரம் என்பதே விதி; அதற்கு மேல் எத்தனை நாளும் ஆகலாம். கபடிக்கு அதை நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: அன்றாட வேலைகளும் நடையும், பிறகு மெதுவோட்டம் அல்லது நிலையான சைக்கிள், பிறகு தனியாகக் கால் நகர்வுப் பயிற்சி, பிறகு தொடாமல் நடக்கும் ரைடுப் பயிற்சி, பிறகு முழுப் பிடி, கடைசியில் போட்டி. நான்காம் படிக்கு ஏறும் முன், கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் அறிகுறி ஏதும் இருக்கக் கூடாது. ஐந்தாம் படிக்கு மருத்துவரின் அனுமதி வேண்டும். பள்ளி மாணவர்கள் முழுநேர வகுப்பில் சிரமமின்றி உட்கார முடியும்வரை முழுப் பிடிக்குப் போகவே கூடாது. பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு வாரங்களிலும், சிறுவர்கள் நான்கு வாரங்களிலும் தேறிவிடுகிறார்கள் என்றாலும், ஏற்கெனவே அடிபட்டவர்களுக்கு அந்தக் கணக்கை நான் நம்புவதில்லை.

கழுத்தையும் உள்காதையும் மறந்துவிடுவது

தலையைக் குலுக்கும் அடி கழுத்தையும், உடலின் சமநிலையைக் காக்கும் உள்காதையும் குலுக்குகிறது. எனக்கு மாதக்கணக்கில் நீடித்த தலைசுற்றலில் பாதி கழுத்திலிருந்து வந்தது என்பதை, கடைசியில் ஓர் இயன்முறை மருத்துவர் தொட்டுப் பார்த்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். கழுத்துக்கான பயிற்சியும், பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தித் தலையை மட்டும் அசைக்கும் பயிற்சியும் வலியில்லாதவை, சலிப்பூட்டுபவை, பலனளிப்பவை. நான்கு வாரம் கடந்தும் அறிகுறி நீடித்தால் மீண்டும் ஒரு பொது மாத்திரைச் சீட்டு வாங்குவதற்குப் பதிலாக, கழுத்தையும் உள்காதையும் சோதிக்கும்படி கேளுங்கள்.

வீட்டுக்கு இருசக்கர வண்டியைத் தானே ஓட்டிச் செல்வது

சாவியை நண்பரிடம் கொடுங்கள்.

கணக்கு வைத்துக்கொள்ளாதது

எத்தனை முறை அடிபட்டால் ஆட்டத்தை விட வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரே எண் கிடையாது. முன்பைவிட இலேசான அடிக்கு அறிகுறி வருகிறதா, தேறும் காலம் ஒவ்வொரு முறையும் நீள்கிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். அதற்குத் தேதி, அடி பட்ட விதம், தேறிய நாட்கள் மூன்றையும் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். 2021 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்டிலேயே 62 ரன் எடுத்த ஆஸ்திரேலியர் வில் புகோவ்ஸ்கி, பத்துக்கும் மேற்பட்ட மூளை அதிர்வுகளுக்குப் பிறகு, அந்த ஒரு டெஸ்டோடு 2025-இல் 27 வயதில் ஓய்வு பெற்றார். எனக்கு மூன்றே போதுமானதாக இருந்தது. தாடையில் பட்ட தோள் எனக்குக் கணக்கை முடித்துக் கொடுத்தது.

என் மாணவனின் நோட்டில் முதல் வரியை நானே எழுதினேன். அரையிறுதியில் அவனுக்குப் பதிலாக இறங்கியவனால் கார்னரைக் காக்க முடியவில்லை. இரண்டு புள்ளிகளில் தோற்றோம். இப்போது அவன் மூன்றாம் படியில் இருக்கிறான், மாலைதோறும் தனியாகக் கால் நகர்வுப் பயிற்சி செய்கிறான், என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.