அழியும் பூமியில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? இளையோர் டிஸ்டோபியா எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமி செத்துக்கொண்டிருக்கிறது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தம்பியைக் கூட்டிக்கொண்டு, ஆளில்லாத வறண்ட நிலத்தை ஐந்து நாளில் நடந்தே கடக்கிறாள். தோளில் ஒரு தண்ணீர் பாட்டில். ஐந்தாம் நாளும் அதில் தண்ணீர் இருக்கிறது! டிஸ்டோபியா எனப்படும், சீரழிந்த எதிர்கால உலகைச் சொல்லும் இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகின்றன. பதின்ம வயது வாசகர்கள் கூர்மையானவர்கள். கணக்கு இடித்தால் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

வெயிலில் நடக்கும் ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளுக்குக் குறைந்தது 5 லிட்டர் வேண்டும். இரண்டு பேர், ஐந்து நாள் என்றால் 50 லிட்டர், அதாவது 50 கிலோ. அந்தப் பெண்ணின் எடையே அவ்வளவுதான் இருக்கும். ஆகவே அவள் இரவில் நடக்க வேண்டும், அல்லது தள்ளுவண்டி தேட வேண்டும், அல்லது நடுவழியில் கிணறு இருப்பதாகச் சொன்ன யாரையோ நம்ப வேண்டும். மூன்றுமே நல்ல காட்சிகள். கணக்கைப் போடாதவருக்கு இந்த மூன்றும் கிடைக்காது.

தண்ணீரைச் சுத்தம் செய்வதிலும் பலர் வழுக்குகிறார்கள். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுகிறார்கள். தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் கிருமி சாகும் (2,000 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதியில் 3 நிமிடம்). உப்பு, ஆர்சனிக், ஃபுளோரைடு எதுவும் போகாது. தீ மூட்டினால் புகை எழும். துரத்துபவர்களுக்கு அது தெரியும். தீ வேண்டாமென்றால் தெளிந்த நீரை நிறமற்ற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி நல்ல வெயிலில் 6 மணி நேரம் வைக்கலாம். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள். கலங்கிய நீரில் இது பலிக்காது. முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். 5 முதல் 6 சதவீத பிளீச் திரவம் கிடைத்தால் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆனால் இருபது ஆண்டுப் பழைய பாட்டிலில் வீரியம் எதுவும் மிஞ்சியிருக்காது. உங்கள் கதாநாயகி அதை நம்பித் தம்பிக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த மூன்று அத்தியாயங்கள் தாமாகவே வரும்.

பூமி எதனால் சாகிறது?

எரிமலை, வெப்பம், கதிர்வீச்சு, வீங்கும் சூரியன் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலக்கணக்கு உண்டு. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக 1816இல் ஐரோப்பாவும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியும் கோடையையே பார்க்கவில்லை. பயிர் பொய்த்து உணவுக்கு அலைந்தார்கள். அப்படியொரு காரணமென்றால் உங்கள் உலகம் குளிரும். சூரியனின் வெப்பம் கூடிக் கடல்கள் வற்ற இன்னும் சுமார் 100 கோடி ஆண்டு ஆகும். காரணம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது முதலில் எதைப் பறிக்கும், அடுத்து எதைப் பறிக்கும் என்று வரிசைப்படுத்துங்கள்.

காடு அழிந்ததும் காற்றில் ஆக்சிஜன் தீர்ந்து, மக்கள் சிலிண்டருடன் திரிவதாக எழுதுவது மிகப் பரவலான பிழை. காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. எல்லாத் தாவரங்களும் நாளையே பட்டுப்போனாலும் அந்த இருப்பு ஆயிரக்கணக்கான ஆண்டு தாங்கும். மக்கள் பசியால்தான் சாவார்கள். மூடிய பதுங்கறைக்குள் கதை நடந்தால் மட்டும் மூச்சு உண்மையான ஆபத்து. அங்கும் ஆக்சிஜன் தீர்வதற்கு முன்பே கரியமில வாயு 5 சதவீதத்தை எட்டித் தலைவலியும் மூச்சிரைப்பும் குழப்பமும் வந்துவிடும்.

வெப்பத்தை எழுதும்போது 60 டிகிரி, 70 டிகிரி என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போகத் தேவையில்லை. காற்றில் ஈரம் எவ்வளவு என்பதைப் பாருங்கள். ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, 35 டிகிரியைத் தொட்டால் வியர்வையால் உடம்பைக் குளிர்விக்க முடியாது. நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார். அசையாத, பிசுபிசுத்த ஒரு பிற்பகல் போதும்.

கற்பனைக்கு முன் ஆரல் கடலைப் படியுங்கள்

பெயரில்தான் கடல்; 1960 வாக்கில் உலகின் நான்காவது பெரிய ஏரி அது, மத்திய ஆசியாவில் இருக்கிறது. பருத்திக்காக ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைச் சோவியத் அரசு திருப்பியதால் வற்றியது. உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்கள் இன்றும் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. காற்றடித்தால் உப்பும் பூச்சிமருந்தும் கலந்த தூசு வீசுகிறது. கடல் விலகிய பிறகும் அங்கிருந்த மீன் ஆலையை மூடாமல், தொலைதூரக் கடல்களிலிருந்து உறைந்த மீனைக் கொண்டுவந்து டின்னில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். கருப்புச் சீருடைக் காவலர்களை விட இந்த ஆலையில் எனக்கு அதிக திகில் தெரிகிறது. கொடுங்கோல் அரசு வேண்டுமென்றால் இப்படி நடிக்கும் அரசை எழுதுங்கள்.

பங்கீடும் அப்படித்தான். பிரிட்டனில் 1940 ஜனவரியில் தொடங்கிய உணவுப் பங்கீடு போர் முடிந்தும் ஒன்பது ஆண்டு நீடித்து 1954 ஜூலையில்தான் முடிந்தது. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பச்சை நிறப் புத்தகம், 5 முதல் 16 வயதினருக்கு நீலம், பெரியவர்களுக்கு வெளிர்பழுப்பு. உங்கள் உலகிலும் அப்படியொரு வயதில் அட்டையின் நிறம் மாறி, பால் நின்றுபோகட்டும். பிறந்தநாளைக் கண்டு பயப்படும் பிள்ளையை அங்கே காணலாம்.

எத்தனை ஆண்டு ஆகிவிட்டது என்பதை மறப்பது இன்னொரு தவறு. பெட்ரோல் கேனில் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் கெடத் தொடங்கும்; எத்தனால் கலந்தது ஈரத்தை இழுக்கும். இருபது ஆண்டு கழித்தும் பைக்கில் வரும் கொள்ளைக் கூட்டத்துக்கு யார் எரிபொருள் வடிக்கிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். சோலார் தகடு அப்போதும் வேலை செய்யும், பேட்டரி செத்திருக்கும். பகலில் மட்டும் மின்சாரமுள்ள ஊர் என்பதே அழகான களம். நிலத்தடித் தோட்டத்தில் லெட்யூஸ் கீரையை மட்டும் வளர்க்காதீர்கள்: 100 கிராமில் 15 கலோரிதான். நாளுக்கு 2,200 கலோரி வேண்டுமென்றால் பிள்ளை 15 கிலோ மெல்ல வேண்டும். கிழங்கும் பயறும் நடுங்கள். வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி போல வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

உடம்பைப் பொறுத்தவரை, தோளில் குண்டு பட்டவன் மறுநாள் ஓடக் கூடாது. அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. சுத்தமான நீர் இல்லாத இடத்தில் பிள்ளைகளைக் கொல்பவற்றில் முக்கியமானது வயிற்றுப்போக்கு. 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 சமமட்ட டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்த கரைசல் ஒரு கதாபாத்திரத்தின் உயிரைக் காக்கும். சர்க்கரை எங்கே கிடைக்கும் என்பது உங்கள் கதை. உடைந்த மூக்குக்கண்ணாடி, மாதவிடாய், பல்வலி ஆகியவற்றை விட்டுவிட்டால் அது பதினாறு வயது உடம்பாக இருக்காது.

கடைசி அத்தியாயத்தில் ஒரே பொத்தானை அமுக்கிப் பூமியைக் காப்பாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். மறுபடியும் ஆரலுக்கே போங்கள். 2005இல் கஜகஸ்தான் பக்கம் கோகாரல் அணை கட்டி முடிந்தது. நீளம் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான். வடக்குத் துண்டில் நீர் ஏறியது, உப்பு குறைந்தது, மீன் திரும்பியது, படகுகளும் இறங்கின. தெற்குத் துண்டு தொடர்ந்து வற்றியது. அணைக்கு எந்தப் பக்கம் உங்கள் கதாநாயகி நிற்கிறாள், தம்பி எந்தப் பக்கம் என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.