உங்கள் மசில் காரில் இருப்பது ஒரிஜினல் கார்புரேட்டர்தானா? பாக எண்ணைப் படிக்கும் முறை

என் மசில் கார் (பெரிய இன்ஜின் கொண்ட பழைய அமெரிக்கக் கார்), செவர்லேயின் 1969 கமாரோ எஸ்.எஸ்.350. அதை வாங்கியபோது இன்ஜின் மேல் இருந்தது, பிற்காலத்தில் யாரோ மாட்டிய கார்புரேட்டர். தொழிற்சாலையில் மாட்டியதைப் போன்ற ஒன்றைத் தேடி எட்டு மாதம் அலைந்தேன். நடுவில், சரியான கார்புரேட்டரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இல்லை" என்று திருப்பிக் கொடுத்தேன். அந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏர் கிளீனரை எடுத்துவிடுங்கள். கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை.

1. எந்த கம்பெனி?

இந்தக் கார்களில் பெரும்பாலும் ரோச்செஸ்டர், ஹாலி, கார்ட்டர் மூன்றில் ஒன்றுதான் இருக்கும். முன்பக்கம் இரண்டு சின்னத் துளைகளும் பின்பக்கம் இரண்டு பெரிய துளைகளும் இருந்தால் அது பெரும்பாலும் ரோச்செஸ்டரின் குவாட்ராஜெட். என் கார் அந்த வகை என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன்.

2. பாக எண்ணைக் கண்டுபிடிப்பது

குவாட்ராஜெட்டில் ஓட்டுநர் பக்கம் (அமெரிக்கக் காரில் இடது), நடு உடம்பின் பின்மூலையில் எண் செங்குத்தாகப் பஞ்ச் அடித்திருக்கும். 1965 முதல் 1967 வரை வந்தவற்றில் வட்டமான சின்ன உலோகத் தகட்டில் இருக்கும்.

ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு அதன்மேல் படிந்திருக்கும். கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டையும் தயவுசெய்து பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். உடம்பு மிருதுவான துத்தநாக வார்ப்பு. நாலு தேய்ப்பில் எண் மழுங்கிவிடும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் பழைய பல் பிரஷ்ஷும் போதும். காய்ந்ததும் வெள்ளைச் சாக்பீஸை அதன்மேல் தேய்த்து, விரலால் லேசாகத் துடையுங்கள். பள்ளத்தில் மாவு தங்கி எண் பளிச்சென்று தெரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். 3, 8 இரண்டையும் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

3. எண்ணைப் பிரிப்பது

எனக்கு வேண்டியது 7029203. தொடக்கத்தில் 702 என்றால் 1960கள், 704 என்றால் 1970கள். நான்காவது இலக்கம் வருடம். ஆக 7029 என்றால் 1969, 7040 என்றால் 1970. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் மேனுவல் கியர், இரட்டைப்படை என்றால் ஆட்டோமேட்டிக். செவர்லேயில் பெரும்பாலும் இப்படித்தான். 300 குதிரைத்திறன் கொண்ட 350 (கன அங்குல) இன்ஜினுக்கு மேனுவலில் 7029203, ஆட்டோமேட்டிக்கில் 7029202.

4. தேதி: நான் சறுக்கிய இடம்

பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் நான்கு இலக்கம் தனியாக இருக்கும். முதல் மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. நான்காவது, வருடத்தின் கடைசி இலக்கம்.

பென்சில்வேனியாவில் கார்லைல் பழைய உதிரிபாகச் சந்தையில் ஒரு மேசைமேல் 7029203 இருந்தது. சந்தோஷத்தில் கை நடுங்கியது. தேதியைப் பார்த்தேன்: 2888. எட்டில் முடிகிறதே, அப்படியென்றால் 1968! எண் 69, தேதி 68. எங்கோ ஏதோ கோளாறு என்று கீழே வைத்துவிட்டு நடந்தேன்.

அன்று ராத்திரி தங்கிய அறையில்தான் உறைத்தது. எண்ணில் இருப்பது மாடல் வருடம். தேதியில் இருப்பது காலண்டர் வருடம். 1969 மாடல் கார்களை 1968 இலையுதிர் காலத்திலேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1968 லீப் வருடம் என்பதால் 288-ஆவது நாள் அக்டோபர் 14. என் இன்ஜினில், பயணி பக்க (வலது) சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள தட்டையான மேடையில் "வி1101" என்று இருக்கிறது: ஃப்ளின்ட் ஆலை, நவம்பர் 1. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள் இருக்கைப் பகுதிக்கும் நடுவில் உள்ள தடுப்பு) உள்ள தகட்டில் "11பி", அதாவது நவம்பர் இரண்டாவது வாரம். கார்புரேட்டர், இன்ஜின், கார் மூன்றும் அச்சு அசலாக அந்த வரிசையில் வருகின்றன! விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். நல்லவேளை, அது அதே மேசையில் இருந்தது.

ஆகவே எண்ணோடு நிறுத்தாதீர்கள். கார்புரேட்டர் தேதி இன்ஜின் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். சில வாரங்கள் முந்தியது என்றால் ரொம்ப நல்லது. ஒரு நாள் பிந்தியிருந்தாலும் அது அந்த இன்ஜினோடு வந்ததில்லை.

5. ஹாலி, கார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு

ஹாலியில் சோக் கோபுரத்தின் (மேலே காற்று நுழையும் வாய்) முன்முகத்தைப் பாருங்கள். "லிஸ்ட்" என்ற சொல்லும் ஹாலியின் மாடல் எண்ணும் இருக்கும். 1969 இசட்/28 கமாரோவில் லிஸ்ட் 4053, கூடவே ஜி.எம். (செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ்) பாக எண் 3923289. அந்தக் காலத்து ஹாலி தேதி மூன்று இலக்கம்: வருடம், மாதம், வாரம். 891 என்றால் 1968 செப்டம்பர் முதல் வாரம்.

ஃபோர்டில் வந்த ஹாலியில் ஃபோர்டின் எண்ணும் இருக்கும், நடுவில் 9510 என்று. கார்ட்டரில் மேல்மூடித் திருகில் ஒரு சின்னத் தகடு தொங்கும். 1966-இன் கிரைஸ்லர் ஹெமி இன்ஜினில் உள்ள இரண்டு கார்ட்டர்களில் முன்னால் இருப்பது 4139எஸ், பின்னால் இருப்பது 4140எஸ். தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். புதிதாக அச்சடித்த தகடுகள் விலைக்குக் கிடைக்கின்றன.

பின்சேர்க்கை 1: "என்னுடையது லிஸ்ட் 3310, ஒரிஜினல்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கவனம். 1965-இல் செவர்லேயின் இசட்16 செவெல் காரில் இருந்த 396 இன்ஜினுக்கு வந்த எண் அது. பிறகு அதே எண்ணில் ஹாலி பொதுவிற்பனைக்கும் ஏராளமாகச் செய்தது. ஜி.எம். பாக எண்ணும் 1965-க்கு ஒத்துவரும் தேதியும் சேர்ந்து இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது கடையில் வாங்கி மாட்டியது.

பின்சேர்க்கை 2: குவாட்ராஜெட்டில் "கார்ட்டர்" என்று வார்த்திருக்கிறதே, போலியா என்று இன்னொருவர். போலி இல்லை. ஜி.எம்.முக்காகக் கார்ட்டரும் குவாட்ராஜெட் செய்து கொடுத்தது. அவற்றில் தேதி நாள் கணக்கில் வராது. மாதத்துக்கு ஓர் எழுத்து, வருடத்துக்கு ஓர் இலக்கம். "ஏ9" என்று கண்டால் 1969 ஜனவரி என்று படியுங்கள்.