எபிகியூரஸ் சொன்ன எளிமை: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

எளிமையாக வாழ்வது பற்றிப் பேச்சு வந்தால் பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிகியூரஸ் பெயரும் கூடவே வருகிறது. கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்தவர். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸ் நகர மதிலுக்கு வெளியே ஒரு தோட்டம் வாங்கி, நண்பர்களோடும் மாணவர்களோடும் வாழ்ந்தார். இன்பமே வாழ்வின் இலக்கு என்றார். அவர் சொன்ன இன்பம், உடலில் வலியும் மனதில் கலக்கமும் இல்லாத நிலை. இதை விட்டுவிட்டு அவரைப் பின்பற்றினால் எல்லாமே கோணலாகும்.

முதல் தவறு, அவரைத் துறவியாக நினைப்பது. நமக்கு இது சட்டென்று வந்துவிடும், ஏனென்றால் குறைவாக வைத்துக்கொள்கிறவர் என்றாலே ஆசையை அறுத்தவர் என்றுதான் நம் மனம் போகும். எபிகியூரஸ் அப்படிச் சொல்லவில்லை. மெனோய்க்கியஸ் என்ற மாணவருக்கு எழுதிய கடிதத்தில் தெளிவாகவே சொல்கிறார்: எப்போதும் கொஞ்சத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதல்ல, அதிகம் கிடைக்காதபோது கொஞ்சமே போதும் என்று இருக்கத் தெரிய வேண்டும். ஆடம்பரம் இல்லாமலே இருக்கத் தெரிந்தவர்தான் அது வரும்போது நன்றாக அனுபவிப்பார் என்பது அவர் கட்சி. ரொட்டியும் தண்ணீரும் பசித்தவனுக்கு உச்ச இன்பம் தரும் என்று எழுதியவரே, ‘ஒரு சின்னக் குடுவை பாலாடைக்கட்டி அனுப்பு, தோன்றும்போது விருந்து வைத்துக்கொள்கிறேன்’ என்றும் நண்பருக்கு எழுதினார்.

சரி, அப்படியானால் அவர் ஏன் சில நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு மிகக் குறைவாகச் சாப்பிட்டார்? ரோமானிய எழுத்தாளர் செனெகா இதைப் பதிவு செய்திருக்கிறார். எபிகியூரஸ் ஒரு காசுக்கும் குறைவான செலவில் நாளை ஓட்டிவிட்டாராம். நண்பர் மெட்ரோடோரஸுக்கு முழுக் காசு தேவைப்பட்டதாம். அது விரதமல்ல, சோதனை. இவ்வளவு குறைத்தால் இன்பம் நிஜமாகவே குறைகிறதா, குறைந்தாலும் அந்தக் குறையைச் சரிக்கட்ட இவ்வளவு பாடுபடுவது தகுமா என்று பார்த்தார். இன்று ஒரு வாரம் ரசம் சோறும் பேருந்துப் பயணமுமாக இருந்து பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வாரம் முடிந்ததும் ‘எவ்வளவு மிச்சம்?’ என்று கணக்குப் பார்ப்பதைவிட, ‘வேலை போனால் என்ன ஆகும் என்ற பயம் கொஞ்சமாவது இறங்கியதா?’ என்று கேட்பது பொருத்தம். பயம் இறங்கவில்லை என்றால் நாம் வெறுமனே வயிற்றைக் காயப்போட்டிருக்கிறோம். எளிமைக்கும் ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டுவது ஆடம்பரத்துக்கு நிகரான தவறு என்று அவர் சொன்னது இப்படிப்பட்டவர்களுக்குத்தான். 1888இல் வத்திக்கான் நூலகச் சுவடியிலிருந்து வெளிவந்த அவருடைய கூற்றுகளில் இது 63ஆவது.

பொருட்களைத் தூக்கிப் போடுவதே எளிமை என்று நினைப்பதும் இதே சறுக்கல்தான். அலமாரியைக் காலி செய்துவிட்டு, அதன் படத்தைப் போட்டு, எத்தனை பேர் பாராட்டினார்கள் என்று மணிக்கொரு முறை பார்த்தால், எபிகியூரஸ் கணக்கில் ஒன்றும் குறையவில்லை. அவர் ஆசைகளை மூன்றாகப் பிரித்தார். பசி, தாகம் போல இயல்பானதும் அவசியமானதும் ஒரு வகை. வகை வகையான சாப்பாடு போல இயல்பானது, ஆனால் அவசியமில்லாதது இன்னொன்று. புகழ், பெயர், சிலை என்று முடிவே இல்லாமல் நீள்வது மூன்றாவது. இரண்டாம் வகையை அவர் தடை செய்யவில்லை. மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும் என்றார். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்: காபியை நிறுத்துகிறோம், பாராட்டுக்கான ஏக்கத்தைத் தொடுவதே இல்லை.

ஆனால் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, எளிமையைத் தனியாகச் செய்கிற தவறு. செலவைக் குறைக்கிறேன் என்று திருமணம், விருந்து, நண்பர் வீடு எல்லாவற்றிலிருந்தும் விலகிவிடுகிறார்கள். எபிகியூரஸுக்கு இது புரிந்திருக்கவே செய்யாது. மகிழ்ச்சிக்கு அறிவு தேடித்தருவதில் நட்பே மிகப் பெரியது என்றவர் அவர். பெண்களும் அடிமைகளும் அந்தத் தோட்டத்துக் கூட்டத்தில் இருந்தார்கள். தத்துவம் பேசிய மிஸ் என்ற அடிமைக்கு உயிலில் விடுதலை கொடுத்தார். மாதந்தோறும் 20ஆம் தேதி எல்லோரும் கூட வேண்டும் என்றும் அந்த உயிலிலேயே எழுதிவைத்தார். கி.மு. 295 வாக்கில் மாசிடோனியத் தளபதி டெமெட்ரியஸின் முற்றுகையில் ஏதென்ஸ் பட்டினி கிடந்தபோது, தன் ஆட்களுக்கு மொச்சையை எண்ணி எண்ணிப் பங்கிட்டு உயிர் காத்தார் என்கிறார் வரலாறு எழுதிய கிரேக்கர் புளூட்டார்க். செலவுப் பட்டியலில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கடைசியாகப் பணம். வேலையை விட்டுவிட்டால் நிம்மதி வந்துவிடும் என்று அவசரப்படுகிறவர்கள், இந்த மரபில் வந்த ஃபிலோடெமஸைப் பார்க்கலாம். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியம் என்ற இத்தாலிய நகரத்தில் கருகிக் கிடைத்த சுருள்களில், சொத்தைப் பராமரிப்பது பற்றி அவர் எழுதியதும் இருக்கிறது. ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் அலைந்த சினிக்குகள் என்ற தத்துவக் கூட்டத்தாரின் வழியை அவர் ஏற்கவில்லை. போதுமான சொத்து இருக்கட்டும், அதைப் பெருக்குவதே வேலையாக வேண்டாம், இழந்தாலும் கலங்க வேண்டாம், நண்பர்களோடு பகிருங்கள் என்கிறார். ஆகவே ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன் கடனை அடைப்பதும், சில மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்குவதும் எபிகியூரஸுக்கு விரோதமல்ல. நாளை பற்றிய கலக்கத்தைக் குறைக்கும் எந்த ஏற்பாடும் அவர் வழியில் சேர்ந்ததுதான்.