இடது காலுக்கு லீவு, கிளட்சுக்கு இல்லை: மேட்டில் டிசிடி கார் ஓட்டுவது எப்படி?

எங்கள் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சரிவு கொஞ்சம் செங்குத்து. ஏறி முடிக்கும் இடத்தில் வாட்ச்மேன் கை காட்டி நிறுத்திவிடுவார். போன மாதம் மூன்றாவது மாடி அக்கா தன் புது டிசிடி (டூயல் கிளட்ச் டிரான்ஸ்மிஷன், இரட்டைக் கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக்) காரை அங்கே நிறுத்திவிட்டு பிரேக்கை விட்டார். வண்டி பின்னால் உருண்டு என் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. "ஆட்டோமேட்டிக்னுதானே தம்பி வாங்கினேன், இது ஏன் பின்னாடி வருது?" அவருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் இது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. அதனால் பிரேக்கை விட்டதும் வண்டி தானே முன்னால் உந்தும். டிசிடியில் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. மேனுவல் காரில் இருப்பது போன்ற கிளட்ச்தான், ஆனால் இரண்டு: 1, 3, 5, 7 கியர்களுக்கு ஒன்று, 2, 4, 6க்கு இன்னொன்று. மிதிப்பதும் விடுவதும் கம்ப்யூட்டரின் வேலை. போர்ஷே இதை 1980களில் ரேஸ் கார்களில் ஓட்டிப் பார்த்தது. 2003இல் ஃபோக்ஸ்வேகன் விற்பனைக் காருக்குக் கொண்டுவந்தது. சட்டென்று கியர் மாற்றுவதுதான் இதன் பலம். பெங்களூரு ஹெப்பாள் மேம்பாலத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஊர்வது பலவீனம்.

படி 1: மேட்டில் நின்றால் பிரேக்கை முழுதாக மிதியுங்கள். பாதி மிதித்தால் கிளட்ச் பாதி ஒட்டியபடி தேய்ந்துகொண்டே இருக்கும். முழுதாக மிதித்தால் பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் விலகிவிடும். ஆட்டோ ஹோல்டு பட்டன் (காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்து வைப்பது) இருந்தால் போட்டுவிடுங்கள், காலுக்கும் ஓய்வு.

படி 2: கிளம்பும்போது ஹில் ஹோல்டை (மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் தானே பிரேக் பிடிக்கும் வசதி) நம்பலாம், அளவோடு. பிரேக்கை விட்ட பிறகு சுமார் 2 வினாடிதான் பிடித்துக்கொள்ளும். அதற்குள் கால் ஆக்சிலரேட்டருக்குப் போய்விட வேண்டும். சரிவு லேசாக இருந்தால் ஹில் ஹோல்டு வேலை செய்யாமலும் போகலாம். எங்கள் சரிவு ஏறி முடிக்கும் இடத்தில் லேசாகிவிடும், அக்கா மாட்டியது இங்கேதான். பயமாக இருந்தால் பழைய முறையே நல்லது: ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தி, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

படி 3, முக்கியமானது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை மேட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். பின்னாலும் போகாமல் முன்னாலும் போகாமல் நிற்கிறதே என்று சௌகரியமாகத்தான் இருக்கும். அந்த நேரம் முழுக்கக் கிளட்ச் வழுக்கிச் சூடாகிறது. ஹூண்டாய் வென்யூவின் 7 கியர் டிசிடியில் இருப்பது உலர் கிளட்ச். சூட்டைத் தணிக்கக் காற்று மட்டும்தான். டாடா ஆல்ட்ரோஸில் கிளட்ச் எண்ணெயில் நனைந்திருப்பதால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதற்காக வதைக்கலாம் என்று அர்த்தமில்லை.

படி 4: இடைவெளி விடுங்கள். ஞாயிறு விடியற்காலை 1,478 மீட்டர் உயர நந்தி மலைக்கு ஏறும் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வண்டி ஓரடி நகர்ந்ததும் நீங்களும் ஓரடி நகர்ந்தால் ஒவ்வொரு அடிக்கும் கிளட்ச் தேயும். இரண்டு கார் நீளம் காலியாகும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே மூச்சில் போங்கள். பின்னாலிருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும், கிளட்ச் செட் மாற்றும் பில்லை அவர் கட்டப்போவதில்லை.

ஊர்ந்து போகும்போது வண்டி முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் மாறி மாறித் தடுமாறினால், மேனுவல் மோடுக்குத் தள்ளி முதல் கியரிலேயே வையுங்கள். பிரேக்கிலிருந்து திடீரென்று ஆக்சிலரேட்டருக்குத் தாவும்போது அரை வினாடி தயங்கி ஒரு குலுக்கல் வரும். அது பழுதல்ல, எந்தக் கியர் என்று கம்ப்யூட்டர் யோசிக்கிறது. காலை மெதுவாக வைத்தால் குலுக்கல் குறையும். டி-யிலிருந்து (டிரைவ்) ரிவர்ஸுக்குப் போகும்போதும் இதே தயக்கம் உண்டு. வண்டி முழுதாக நின்று, கியர் விழுந்தது தெரிந்த பிறகே பிரேக்கை விடுங்கள்.

படி 5: இறக்கம். சேலத்துக்குப் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரியும். அங்கே நியூட்ரலில் உருட்டவே கூடாது. மேனுவல் மோடில் 3 அல்லது 2ஆம் கியரில் வையுங்கள். எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும், பிரேக் சூடாகாது.

படி 6: சரிவில் பார்க் செய்யும்போது நேராக பி-க்கு (பார்க்) தள்ளாதீர்கள். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பிறகு பிரேக்கை மெல்ல விட்டு வண்டி அமர்ந்ததும் மறுபடி மிதித்து பி. இல்லையென்றால் வண்டியின் முழுப் பாரமும் உள்ளே இருக்கும் சின்னக் கொக்கியில் தொங்கும். எடுக்கும்போது 'டக்' என்று சத்தம் வரும்.

இத்தனைக்குப் பிறகும் மேட்டில் வண்டி உதறினாலோ, கியர்பெட்டி சூடு என்று டிஸ்ப்ளேயில் வந்தாலோ ஓரங்கட்டுங்கள். பி-யில் போட்டு எஞ்சினை அணைக்காமல் விடுங்கள். எச்சரிக்கை மறையும்வரை பக்கத்தில் நின்று ஒரு டீ குடிக்கலாம்.