கடலைத் துணியில் தைக்கும்போது நாங்கள் விட்ட பிழைகள்

என்னிடம் தைக்கப் பழகும் ஒரு தங்கச்சி, திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையைக் குயில்டாக, அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துப் படை படையாகத் தைக்கும் விரிப்பாக, தைத்துக்கொண்டு வந்தார். நல்ல கைவேலை. மணலுக்குப் பழைய சாரத்துண்டு, கடலுக்கு மூன்று நீலம், நடுவே செம்மஞ்சள் சூரியன் பாதி தண்ணீருக்குள்.

"இது விடியலா, பின்னேரமா?" என்று கேட்டேன்.

"பின்னேரம் அக்கா. சூரியன் மறையுது."

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. உப்புவெளியில் சூரியன் கடலிலிருந்து எழும்பும், முதுகுக்குப் பின்னால் தரைப்பக்கம் மறையும். அது அவருக்குத் தெரியாததில்லை. தைக்க உட்கார்ந்தபோது ஃபோனில் பார்த்த ஏதோ ஒரு மேற்குக்கரைப் படம் முந்திக்கொண்டு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மறையும் சூரியனைத் தண்ணீரோடு தைக்க ஆசையென்றால் நமது ஊரில் அதற்கும் இடம் இருக்கிறது. திருகோணமலை நகரம் இரண்டு தண்ணீருக்கு நடுவே கிடக்கிறது. கிழக்கே டச்பே, மேற்கே உட்துறைமுகம். உட்துறைமுக வீதியில் பின்னேரம் நின்றால் சூரியன் அக்கரைக் குன்றுகளுக்குப் பின்னால் இறங்கும். ஆனால் அது அலையடிக்கும் கடல் இல்லை. மடித்து வைத்த பட்டுப்போல அசையாமல் கிடக்கும் தண்ணீர். அதற்கு வேறு துணி வேண்டும், வேறு தையல் வேண்டும்.

அவர் சூரியனைப் பிரித்தெடுக்கவில்லை. மேலே இரண்டு இளம் மஞ்சள் துண்டு வைத்து விடியலாக்கினார். பறவைகள் கூட்டுக்குத் திரும்பாமல் புறப்பட்டுப் போயின.

எல்லாவற்றையும் ஒன்றிலேயே வைப்பது

குயில்ட் என்றால் மேல்துணி, நடுவில் வாடிங் என்ற மெத்தைப் படை, அடித்துணி என்று மூன்று படை. மூன்றையும் ஊடுருவித் தைத்த தையல்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கட்டிலில் விரிக்கவென்று பிறந்த பொருள். அதைச் சுவரில் மாட்டிப் படம்போலப் பார்க்கலாம் என்று பலர் துணிந்து சொல்லத் தொடங்கியது போன நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பழைய பால்பண்ணைக் கொட்டகை ஒன்றில் 1979 இல் தொடங்கிய 'குயில்ட் நாஷனல்' கண்காட்சி அதில் ஒரு பெரிய அடி. சுவருக்கு ஏறியதும் ஒரு வசதி வந்தது: கட்டிலின் அளவுக்குத் தைக்க வேண்டியதில்லை. ஆனால் பழகுகிறவர்கள் அளவை விடமாட்டார்கள். பெரிய துணி எடுத்து, அதை நிரப்ப ஊர் முழுவதையும் கொண்டுவந்து இறக்குவார்கள்.

நானும் அப்படித்தான். என் முதல் குயில்டில் கோணேசர் மலை இருந்தது, கோட்டைக்குள் திரியும் மான் இருந்தது, கன்னியாவின் ஏழு கிணறும் இருந்தன, புறாத்தீவு இருந்தது, மூலையில் ஒரு தோணி வேறு. நாலு மாத வேலை. சின்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தார். "இதென்ன பிள்ளை, கலண்டரோ?" என்றார். கோபம் வந்தது. ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் கலண்டர்தான்.

இப்போது துணியில் கை வைக்கும் முன் ஒரே ஒரு வசனம் எழுதச் சொல்கிறேன். இடம் மட்டும் போதாது, நேரமும் காற்றும் அதில் இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனிக் கடலும் மாரிக் கடலும் ஒன்றில்லை. கச்சானில் வானம் வெளுத்து, மணல் கண்ணைக் கூச, கடல் கரையோரம் கண்ணாடிபோலக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் அதே கடல் கலங்கிச் சாம்பல் பச்சையாகிவிடும். நான் பிறகு தைத்ததற்கு எழுதிய வசனம் இது: 'மழைக்குள் மூதூர் லோஞ்சுக்காக அம்மாவோடு ஜெட்டியில் நின்றது.' எழுதி முடித்ததும் மானும் மலையும் தாமாகவே விலகிப் போய்விட்டன. மழை, மரப்பலகை, காத்திருப்பு. 18 அங்குலத்துக்கு 24 அங்குலத் துணி போதுமாயிருந்தது.

நீலம் சரிதான், ஆனால் எவ்வளவு கடும் நீலம்?

பழகுகிறவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை இதுதான். கடல் நீலம், வானம் நீலம் என்று கடைக்குப் போய் அழகான நீலங்களாக வாங்கி வருவார்கள். தைத்து மாட்டினால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்குக் கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எல்லாம் ஒரே கடுமையில் இருக்கும் நீலம். கண் முதலில் பிரித்துப் பார்ப்பது கடுமையையும் இளமையையும்தான், நிறத்தின் பெயரை அப்புறம்தான் கேட்கும்.

வழி சின்னது. துணிகளை நிலத்தில் பக்கம் பக்கமாக விரித்து, ஃபோனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். இரண்டு துணி ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் தைக்காதீர்கள். ஃபோன் இல்லாவிட்டால் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்.

அப்புறம் வெளியே போய்ப் பாருங்கள். தெளிந்த நாளில் வானம் தலைக்கு மேலே கடும் நீலம், கீழே இறங்க இறங்க வெளுத்து, அடிவானத்தில் கிட்டத்தட்ட வெள்ளை. கடல் அதற்கு மறுதலை: கரையோரம் மணல் தெரியும் இளம் பச்சை, தள்ளிப் போகப் போகக் கடும் நீலம். ஆகவே அடிவானக் கோட்டில் வானத்தின் மிக இளந்துண்டும் கடலின் மிகக் கடுந்துண்டும் ஒன்றையொன்று தொடும். பலர் இதைத் தலைகீழாகத் தைக்கிறார்கள், பிறகு கடல் ஏன் தட்டையாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். தூரத்து நிலமும் இப்படித்தான். கோணேசர் மலையில் நின்று தெற்கே பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர்க்கரை வெளிறிய நீலக் கோடு. அங்கே நிற்பது பச்சை மரங்கள் என்று நமக்குத் தெரியும் என்பதற்காகப் பச்சைத் துணி வைத்தால் அந்தக் கரை கைக்கெட்டும் தூரத்துக்கு ஓடி வந்துவிடும்.

தூரத்துக்குத் துணி தேடி அலைய வேண்டாம். கையிலிருக்கும் அச்சுத் துணியைத் திருப்பிப் போடுங்கள். உட்பக்கம் இளநிறமாக, பூ மங்கலாக இருக்கும். முன்னால் நிற்கும் பற்றைக்கு மேல்பக்கம், தூரத்துப் பற்றைக்கு அதே துணியின் உட்பக்கம். இதைக் காட்டிக்கொடுத்தால் எல்லாரும் சிரிப்பார்கள், பிறகு எல்லாரும் செய்வார்கள்.

இதோடு ஒன்று. மரம் என்றாலே தென்னையை வெட்டும் பழக்கம். நமது கரையில் பனையும் நிற்கிறது. பனையின் தலை உருண்டை, ஓலை விசிறி. தென்னையின் தலை கலைந்த முடி. இருட்டுத் துணியில் வெளிக்கோட்டை மட்டும் வெட்டினாலும் எது எதுவென்று ஊர்க்காரருக்குத் தெரிந்துவிடும்.

சரிந்த கடல்

துணியில் நீளப்பாட்டுக்கும் குறுக்குப்பாட்டுக்கும் நூல் ஓடுகிறது. அந்த நூலோடு வெட்டினால் துண்டு இழுபடாது. கிராஸாக, நூலுக்குக் கோணலாக வெட்டினால் இழுபடும். ரெயிலரிடம் கேட்டால் சொல்வார். கடலைக் கீற்றுக் கீற்றாக வெட்டும்போது அவசரத்தில் கிராஸாகப் போய்விட்டால், தைத்து அயன் பண்ணியதும் அடிவானம் வில்லாக வளையும். அலை வளையலாம், மலை வளையலாம், அடிவானம் மட்டும் வளையக்கூடாது. ஒரு பக்கம் தாழ்ந்தால் பார்க்கிறவருக்குத் தண்ணீர் சுவரிலிருந்து ஊற்றிவிடும்போல இருக்கும். அடிவானக் கோட்டுக்கு மட்டுமாவது அடிமட்டம் வைத்து நூலோடு வெட்டுங்கள். அதைத் துணியின் சரிநடுவில் வைப்பதையும் தவிருங்கள். வானத்தைச் சொல்ல வந்தீர்களா கடலைச் சொல்ல வந்தீர்களா என்று தெரியாமல் போகும்.

வாடிங், ஒட்டு, தையல்

வாடிங் தடிப்பாக இருந்தால் நல்லது என்று நினைப்பது பிழை. மெத்தென்ற பொலியெஸ்டர் வாடிங் வைத்தால் மலை தலையணையாகும். மெல்லியதே போதும். கிடைக்காவிட்டால் பழைய பருத்திப் படுக்கை விரிப்பை இரண்டாக மடித்து வையுங்கள். வங்காளத்துக் காந்தா வேலையில் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டுத்தையலால் பிடிப்பார்கள், தனியாகப் பஞ்சே கிடையாது. நமது வெக்கைக்கும் அது தோதானது. இலவம் பஞ்சை மட்டும் உள்ளே போடாதீர்கள். அதன் இழை குட்டை, வழுக்கும். ஒன்றையொன்று பிடிக்காது, கொஞ்ச நாளில் எல்லாம் கீழே இறங்கிக் கட்டியாகும்.

புதுத் துணியைக் கழுவாமல் வெட்டக் கூடாது. பருத்தி சுருங்கும், கடும் சிவப்பும் கடும் நீலமும் சாயம் விடும். உப்பிலோ வினாகிரியிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கடைப் பருத்தித் துணிக்கு அது வேலை செய்வதில்லை. ஈரத் துண்டை வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை படிந்தால் தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். தெளியவே இல்லையென்றால் அந்தத் துணி வேறு எதற்காவது உதவும்.

அயன் பண்ணினால் ஒட்டும் தாளை ஒவ்வொரு துண்டுக்கும் முழுசாக ஒட்டினால் குயில்ட் காட்போட்டாகிவிடும். தாளின் நடுவை வெட்டியெடுத்துவிட்டு ஓரத்தில் கால் அங்குலம் மட்டும் வையுங்கள். கோதுமை மாப் பசை வேண்டவே வேண்டாம், கரப்பானுக்குச் சாப்பாடு போட்டதாகும். மழை மூட்டத்துக்குப் பழைய நுளம்பு வலையை மேலே போர்த்துவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆனால் நைலோன் வலையில் சூடான அயன் பெட்டியை நேரே வைத்தால் வலை உருகிப் பெட்டியில் ஒட்டிவிடும். நடுவில் ஒரு பருத்தித் துணி போடுங்கள்.

மெசினில் விரும்பிய பக்கம் தைக்க, ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளும் பல்லை இறக்க வேண்டும். பழைய கால் மெசினில் பல் இறங்காவிட்டால், ஊசிக்கு ஓட்டை விட்ட மட்டைத்துண்டை அதன்மேல் ஒட்டிச் சமாளிக்கலாம். பெரிய பிழை இதற்குப் பிறகு வரும்: வானத்தை நெருக்கமாகத் தைத்துவிட்டுக் கடலைச் சும்மா விடுவது. நெருக்கமான தையல் துணியை உள்ளே இழுக்கும், சும்மா விட்ட இடம் தொப்பையாகும். எங்கும் ஏறக்குறைய ஒரே நெருக்கம் இருக்க வேண்டும். எப்படியும் கொஞ்சம் சுருங்கும் என்பதால் தொடக்கத்திலேயே நாலு பக்கமும் 2 அங்குலம் கூட வையுங்கள்.

அம்மாவின் சேலையை வெட்டும்போது

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண், 1942 இல், இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டு ஒரு குயில்ட் தைத்தார். அதில் கணவரின் முகம் இல்லை, பெயர் இல்லை. வெளிறிய துணியும் கறையும்தான். அந்த மனிதர் எப்படி உழைத்தார் என்பது அதிலேயே தெரிகிறது.

நினைவுக் குயில்டில் நாம் விடும் பிழை இதற்கு நேரெதிர். சேலையை வெட்டி அதிலே அம்மாவின் உருவத்தைச் செய்வது, பக்கத்தில் போட்டோவை அச்சடித்து ஒட்டுவது, போதாததற்கு எழுத்தும் தைப்பது. துணி பேச வாய் திறக்கும் முன் நாம் மூன்று தரம் சொல்லிவிடுகிறோம். என் ஜெட்டிக் குயில்டில் அம்மா இல்லை. அவருடைய வெள்ளைப் புள்ளிபோட்ட சாம்பல் நீலப் பருத்திச் சேலை மழையாக விழுகிறது. பார்க்கிற மற்றவர்களுக்கு அது வெறும் மழை. அக்கா பார்த்ததும் கிட்டப்போய் அந்த இடத்தை மட்டும் தடவினாள்.

வெட்டும் முன் வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள். நான் கேட்காமல் ஒரு தரம் வெட்டி, ஒரு வருடம் பேச்சு வாங்கினேன். எடுத்தவுடன் முந்தானையில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். உட்பக்கம் சுற்றும் மற்ற முனையிலிருந்து ஒரு சாண் போதும். துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். இருந்து எழும்பும் இடம் சல்லடையாகியிருக்கும், கரை பலமாக இருக்கும். மடித்தே வைத்த பழைய பட்டு மடிப்பு வழியே கிழியும். மெல்லிய வெள்ளைத் துணியைப் பின்னால் வைத்துத்தான் அதைத் தைக்கலாம். கழுவவும் அவசரப்படாதீர்கள். அலுமாரி வாசம் ஒரு முறை போனால் திரும்பி வராது. போட்டோ சேர்ப்பதென்றால் பிரதி எடுத்து அதைக்கொண்டு வேலை செய்யுங்கள். இடம்பெயர்வுக்கும் 2004 சுனாமிக்கும் தப்பிய ஒற்றைப் படத்தை அயன் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோகலாமா?

உப்புக்காற்று

மூன்று படையையும் குண்டூசியால் பிடித்துவிட்டு, நாளைக்குத் தைக்கலாம் என்று வைத்தேன். நாளை வருவதற்குள் மாரி வந்து போய்விட்டது. ஊசிகளைக் கழற்றியபோது வானம் முழுக்கப் பழுப்புப் புள்ளி. பறவைகள் என்று சமாளிக்கலாமா என்று யோசித்தேன். நாலு அங்குலத்துக்கு ஒன்றாக வரிசை பிசகாமல் பறக்கும் பறவை உலகத்தில் இல்லை. எலுமிச்சம்புளி வைத்தால் துரு மங்கும், கூடவே துணியின் நிறமும் மங்கும். கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்கள் நூலால் பெரிய தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள்.

மாட்டும்போது விடியல் வெயில் நேரே விழும் சுவர் வேண்டாம், நிறம் போய்விடும். மழை ஊறும் வெளிச்சுவரும் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். மேல் விளிம்பின் பின்பக்கம் 4 அங்குல அகலத்தில் துணிக்குழாய் ஒன்று தைத்து, அதற்குள் சட்டம் விட்டு, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி மாட்டினால் காற்று போய்வரும். எடுத்து வைப்பதென்றால் பொலித்தீன் பையில் மூடாதீர்கள். கழுவிய பழைய பருத்தி விரிப்போடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள்.

சுருட்டும் முன் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டு தைத்து, கழுவினாலும் போகாத பேனையால் எழுதிவிடுங்கள்: தைத்தவர், வருடம், எந்த இடம், எந்த மாதம், எந்தத் துணி யாருடையது. என்னுடையதில் கடைசி வரி இப்படி இருக்கிறது: 'மழை: அம்மாவின் சேலை. பலகை: அப்பாவின் சாரம். மிச்சச் சேலை அக்காவிடம்.'