படிப்பை முடித்து வேலைக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வருடமும் எங்கள் டீமுக்குப் புதிதாகச் சிலர் வந்திருக்கிறார்கள். எல்லாரும் கெட்டிக்காரர்கள், வேலை கற்றுக்கொள்ளும் ஆசை உள்ளவர்கள். ஆனாலும் போன வருடம் வந்தவர்கள் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் இவர்களும் விழுகிறார்கள். சேர்ந்த புதிதில் நானும் அங்கேதான் விழுந்தேன். நேரத்துக்கு வாருங்கள், மீட்டிங்கில் போனை நோண்டாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தெரியாமல் செய்கிற தவறுகள் வேறு.

மாட்டிக்கொண்டதை வெளியே சொல்லாமல் இருப்பது

எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிற தவறு இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் திங்கட்கிழமை ஒரு வேலை கொடுத்தோம். ஒரு வாடிக்கையாளரின் மூன்று மாத விற்பனைக் கணக்கைத் தொகுத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அறிக்கையாகத் தர வேண்டும். இரண்டாவது மாதக் கணக்கு இருக்கும் ஃபைலைத் திறக்கத் தனக்கு அனுமதி இல்லை என்பது செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோ என்ற தயக்கம். கையில் இருந்த மற்ற இரண்டு மாதக் கணக்கையே மறுபடி மறுபடி அழகுபடுத்திக்கொண்டிருந்தான். புதன்கிழமை கேட்டேன். "போயிட்டிருக்கு சார்" என்றான். வியாழக்கிழமை, "கிட்டத்தட்ட முடிஞ்சது சார்." வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அனுமதி தர வேண்டியவர் அன்று மதியமே லீவில் கிளம்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வேலை. அறிக்கை அடுத்த வாரம்தான் போனது. வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டது இதில் சம்பந்தமே இல்லாத வேறொருவர்.

பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதில் எனக்குக் கோபம் இல்லை. அனுமதி வாங்கி வைக்காதது எங்கள் தப்பு. ஆனால் அந்த "போயிட்டிருக்கு" என்ற ஒரு சொல்லை நம்பித்தான் மற்றவர்கள் தங்கள் வேலையைத் திட்டமிட்டிருந்தார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பதினைந்து, பதினாறு வருடம் படித்த படிப்பிலிருந்துதான். பரீட்சை ஹாலில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது குற்றம். தெரியாததைக் காட்டிக்கொண்டால் மார்க் போகும். கேள்வித்தாளில் கணக்குக்குத் தேவையான எல்லா விவரமும் இருக்கும்; விடையும் உறுதியாக ஒன்று இருக்கும். ஆபீசில் கேள்வியே பாதிதான் கையில் வரும். மீதி வேறு யாருடைய தலையிலோ, யாருடைய மெயிலிலோ இருக்கும். அதைத் தேடிப் போய்க் கேட்பதும் சம்பளம் வாங்குகிற வேலைதான். அப்புறம், கல்லூரியில் அசைன்மென்ட் தாமதமானால் நஷ்டம் உங்களோடு போயிற்று. இங்கே உங்களுக்குப் பின்னால் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் பொய் சொல்லவில்லை. எப்படியும் நாளைக்குள் சரிசெய்துவிடலாம் என்று உண்மையிலேயே நம்பியிருப்பான். பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. பட்டப்படிப்பு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த 37 மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 48.6 நாள். கடைசியில் பிடித்தது 55.5 நாள். தங்களுடைய மோசமான கணிப்பையும் தாண்டித்தான் முடித்தார்கள். ஆகவே 'கிட்டத்தட்ட முடிந்தது' என்று உங்களுக்குத் தோன்றுவதை நீங்களே நம்பாதீர்கள். எது முடிந்தது, எது பாக்கி, எதற்காகக் காத்திருக்கிறீர்கள், இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

சரி, எப்போது கேட்பது? எடுத்ததற்கெல்லாம் ஓடி வரச் சொல்லவில்லை. அரை மணி நேரம், அதிகம் போனால் ஒரு மணி நேரம் நீங்களே முயன்று பாருங்கள். அதற்குள் ஒரு அடிகூட நகரவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். அனுமதி, பாஸ்வேர்டு, யார் பொறுப்பு என்பது போன்ற விஷயங்களுக்கு அந்த அரை மணியும் வேண்டாம். யோசித்துக் கண்டுபிடிக்கக் கூடியவை அல்ல அவை.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். "சார், ஒரு டவுட்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். நானும் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பார்ப்பேன், "சொல்லுங்க" என்பேன், அதற்குள் அவர் எழுந்து போயிருப்பார். அரை நாள் போச்சு. இப்படி எழுதிப் பாருங்கள்: "விற்பனை அறிக்கைக்கு இரண்டாவது மாத ஃபைல் தேவை. திறந்தால் அனுமதி இல்லை என்று வருகிறது. மற்ற இரண்டு மாதமும் முடித்துவிட்டேன். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? நாளை மதியத்துக்குள் கிடைத்தால் வெள்ளிக்கிழமைக்கு முடித்துவிடலாம்." படிக்கிறவர் ஒரே வரியில் பதில் போட்டுவிடுவார். அன்று பதில் வரவில்லையா, நேரில் போய் நில்லுங்கள். மெயில் அனுப்பியதோடு உங்கள் பொறுப்பு தீராது.

சொன்னதை எழுதி வைக்காமல் இருப்பது

முதல் தடவை கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மூன்றாவது தடவை சுளிப்பார்கள்.

தூக்கத்தைச் சனி, ஞாயிறில் ஈடுகட்டுவது

வாரத்தில் ஐந்து நாளும் குறைவாகத் தூங்கி, விடுமுறையில் மதியம் வரை தூங்கினால் உடம்பின் கடிகாரம் வாராவாரம் முன்னும் பின்னுமாக இழுபடும். இதற்கு 'சோஷியல் ஜெட்லாக்' என்று 2006இல் ஆய்வாளர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை வருகிற அந்த மந்தம் வேலை பிடிக்காததால் வருகிறது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேலையை விடுவது பற்றி யோசிக்கும் முன், ஒரு மாதம் எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு எழுந்து பாருங்கள்.

முதல் சம்பளத்தை நம்பி மாதத் தவணை எடுப்பது

வேலை நிரந்தரமாகும் வரை வேண்டவே வேண்டாம்.

மார்க்குக்காகக் காத்திருப்பது

செமஸ்டர் முடிந்தால் ரிசல்ட் வரும். நன்றாகச் செய்தோமா இல்லையா என்று ஒரு எண் சொல்லிவிடும். வேலையில் மாதக்கணக்கில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த மௌனத்தைச் சிலர் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. மேலாளருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். "நான் எப்படி வேலை செய்கிறேன்?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லாத்தான் பண்றீங்க" என்ற பதில்தான் வரும். முடித்துக் கொடுத்த வேலை ஒன்றைக் காட்டி, "இதில் நீங்கள் திருத்த வேண்டி வந்தது எது?" என்று கேளுங்கள். அதைக் கேட்க வேண்டிய நேரம், அவர் அதைத் திருத்திய அதே நாள்.