ஐந்தாம் படிவப் பிள்ளையிடம் எதிர்காலத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

முதலில், சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். எதிரே உட்கார்ந்து "அப்புறம், என்ன படிக்கப் போற?" என்று கேட்டால் பதினேழு வயசுப் பிள்ளைக்கு அது போலீஸ் விசாரணை மாதிரிதான் இருக்கும். காரில் கேளுங்கள். எங்களுக்கு வீடு மலேசியாவில் பட்டர்வொர்த், எனக்கு வேலை பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில், மகளுக்கு டியூஷனும் அந்தப் பக்கம்தான், அதனால் மாலையில் பினாங்குப் பாலத்தில் சேர்ந்து திரும்புவோம். 13.5 கிலோமீட்டர் பாலம், நெரிசலில் கார் ஊர்ந்து போகும், அவள் கடலைப் பார்த்துக்கொண்டு வருவாள், நான் முன்னால் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வருஷமாக வீட்டில் வராத பேச்சு அங்கேதான் வந்தது. "மா, எனக்கு டாக்டர் ஆக வேணாம். ஆனா என்ன வேணும்னும் தெரியல." உடனே புத்தி சொல்ல வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டு "சரி" என்றேன். வீடு வருவதற்குள் மீதியையும் அவளே சொல்லிவிட்டாள்.

"நாங்களும் பரீட்சை எழுதினோமே" என்று ஆரம்பிக்காதீர்கள். நமக்கு ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர்., மூன்றாம் படிவத்தில் பி.எம்.ஆர்., ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். என்று படிப்படியாக வந்தது, ஒன்றில் சறுக்கினால் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது யு.பி.எஸ்.ஆர். 2021இல் போய்விட்டது, பி.எம்.ஆருக்குப் பதிலாக வந்த பி.டி.3 2022இல் போய்விட்டது, ஆக இவர்களுக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பெரிய அரசாங்கப் பரீட்சை, வாழ்க்கையே அதில்தான் இருக்கிறது என்று எல்லாரும் சொல்வதும் அதைத்தான். 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது. நம் பிள்ளைகளுக்கு நல்ல செய்திதான். ஆனால் அதற்குப் பிறகு 9 ஏ வாங்கிய பிள்ளைகூடத் தோற்றுப்போனதாக நினைக்கிறது, போனைத் திறந்தால் யாரோ ஒருவரின் ரிசல்ட் தாள் முதலில் வந்து நிற்கிறது.

அதனால் பேசுவதற்கு முன் பெற்றோர்தான் கொஞ்சம் படிக்க வேண்டும். ஆறாம் படிவம் மூன்று செமஸ்டர், முடிவில் எஸ்.டி.பி.எம். பரீட்சை, அதுவும் பல்கலைக்கழகத்துக்கு வழிதான். பெர்மாத்தாங் பாவில் பாலிடெக்னிக் இருக்கிறது. பாயான் லெப்பாஸிலேயே தொழிற்சாலைகளுக்கு ஆள் பயிற்றுவிக்க 1989இல் தொடங்கிய திறன் மையம், பி.எஸ்.டி.சி., இருக்கிறது. கைத்தொழில் படிப்பை "படிக்காத பிள்ளைக்கு" என்று ஒரு தடவை நீங்கள் சொல்லிவிட்டால், அந்தக் கதவைப் பிள்ளை திரும்பித் திறக்கவே திறக்காது. இன்னொன்று, மலாய்மொழியும் வரலாறும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ். பிள்ளை பயந்துகொண்டிருந்தால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள், மறுதேர்வு இருக்கிறது என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.

அடுத்தது சொந்தக்காரர்கள். இதை நான் ரொம்ப நாள் சின்ன விஷயமாக நினைத்திருந்தேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம், தண்ணீர்ப் பந்தலில் நின்ற பத்து நிமிஷத்துக்குள் மூன்று பேர் அவளிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள், நாலாவது ஆள் தன் மகன் எந்தப் பல்கலைக்கழகம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள், சாப்பிடவும் வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஏற்பாடு இதுதான், கல்யாண வீட்டுக்கோ கோயிலுக்கோ கிளம்பும் முன் என்ன பதில் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்வோம், கேட்டால் பதில் சொல்வது நான். "இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கா அத்தை, முடிவானதும் நாங்களே சொல்றோம்." அவ்வளவுதான். மரியாதை குறையாமல் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அம்மா தன் பக்கம் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும், தனியாக ஆயிரம் தடவை சொல்வதைவிட அது பெரிசு.

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்" என்கிற மாதிரி பேச்சு வந்தால் அதைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே நேராகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். மனசு விட்டுப் பேச உதவி எண்கள்: சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929.

ரிசல்ட் நாளுக்கு இப்போதே லீவு சொல்லி வையுங்கள். பள்ளிக்கு வெளியே காரில் காத்திருங்கள், எத்தனை ஏ என்று நீங்களாகக் கேட்காதீர்கள், தாளைப் பிள்ளையே நீட்டட்டும். அதுவரை எங்கே சாப்பிடலாம் என்று மட்டும் கேளுங்கள்.